மாரிக்கு ஊரைவிட்டு ஓடும் வேன்: மூன்று வருட அனுபவம்

கார்த்திகை பிறந்தால், இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுச் சுவர் வியர்க்கத் தொடங்கும். மார்கழியில் அலுமாரிக்குள் மடித்து வைத்த சேலையில் பூஞ்சணம் பிடிக்கும். என் கணவருக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. வேலையில் இருந்தவரை ஒவ்வொரு மாரியையும் மருந்தோடும் ஆவி பிடிப்போடும் இழுத்துக் கடத்தினோம். இருவரும் ஓய்வுபெற்ற பிறகு, கனடாவில் இருக்கும் என் தங்கை ஒருநாள் தொலைபேசியில் ஒரு கதை சொன்னாள். அங்குள்ள ஓய்வூதியக்காரர்கள் பனிகாலம் தொடங்கும் முன்பே மோட்டர்ஹோம் என்ற வீட்டு வண்டியில் ஏறிப் புளோரிடாவுக்குப் போய்விடுவார்களாம்; பனி கரைந்த பிறகுதான் திரும்புவார்களாம். "அவர்கள் குளிருக்கு ஓடுகிறார்கள், நாங்கள் ஈரத்துக்கு ஓடினால் என்ன?" என்று இவர் கேட்டார். கேட்டதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

எங்கே ஓடுவது என்பதற்கு, முப்பது வருடமாக நான் கரும்பலகையில் கீறிய படமே விடை. புவியியல் படிப்பித்தவள் நான். வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வாடைக்காற்று தன் ஈரத்தை முதலில் எங்கள் கரையிலும், பிறகு மலைநாட்டின் கிழக்குச் சரிவிலும் கொட்டிவிடுகிறது. மலைக்கு அப்பால் இறங்கும்போது அது காய்ந்த காற்று. மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் விழுகிறது. தென்கரையில் காலி, மாத்தறைப் பக்கத்திலோ ஜனவரியும் பெப்ரவரியும்தான் ஆண்டிலேயே மழை குறைந்த மாதங்கள். வைகாசிக்குப் பின் எல்லாம் தலைகீழ்: அவர்களுக்கு மழை, எங்களுக்குக் கச்சான் என்ற காய்ந்த காற்று. வெளிநாடு போகத் தேவையில்லை. மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் போதும்.

வண்டி ஏற்கெனவே வளவில் நின்றது. மகன் வாடகைக்கு ஓட்டலாம் என்று 2019இல் வாங்கிய பழைய டொல்பின் வேன். அடுத்த வருடம் மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் அதன் விலை ஏறிக்கொண்டே போனது. அப்போது விற்றிருந்தால் நல்ல காசு. 2022இல் டீசல் வரிசை வந்தபோது வேன் வேம்பின் கீழ் படுத்துவிட்டது. அந்த மாதங்களில்தான் இவர் இருக்கைகளைக் கழற்றினார். காத்தான்குடி நானா ஒருவர் இரும்புச் சட்டத்தை ஒட்டித் தந்தார். எங்கள் வீட்டுக்குக் கதவு செய்த ஓடாவியே கட்டிலும் தட்டுகளும் செய்தார். திரைச்சீலைக்கு மருதமுனைக் கைத்தறி. முன் இருக்கைக்குப் பின்னால் ஏறக்குறைய ஒன்பது அடி. நான் நிமிர்ந்து நிற்பேன், இவர் குனிந்துதான் நிற்க வேண்டும். (இது எங்கள் வீட்டில் புதிய ஏற்பாடு.) நீங்களும் செய்ய நினைத்தால், உடலமைப்பில் கைவைக்கும் முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள், காப்புறுதிக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

முதல் பயணம் 2022 டிசம்பர் கடைசியில். திருக்கோவிலில், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி முதல் இரவு. வெளியே பேய் மழை. இரவு இரண்டு மணியிருக்கும், இவருடைய நெற்றியில் சொட்டு விழுந்தது. தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கால்மாட்டில் தலைவைத்தார். அங்கேயும் ஒரு சொட்டு. சோலார் பெனலைப் பிடிக்க இவரே கூரையில் துளைத்த எட்டு ஓட்டைகளில் மூன்று ஒழுகின. ஈரக் கூரையில் அவசரமாக அப்பிய சிலிக்கன் தகட்டோடு ஒட்டவே இல்லை. விடியும்வரை சோற்றுப் பானையையும் கறிச் சட்டியையும் கட்டிலில் பரப்பிவைத்து, நாங்கள் முன் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தோம். பிறகு, வெயில் நாளாகப் பார்த்துத் தகட்டைச் சுரண்டித் துடைத்து, பொலியூரித்தேன் பசை வைத்தோம். இரண்டு வருடமாக ஒழுக்கு இல்லை. ஆனால் மழை கேட்டால் இவர் கை தானாகக் கூரையைத் தடவுகிறது.

அப்போது எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூ.ஆர். முறையில் வேனுக்கு வாரம் 20 லீற்றர் டீசல். எங்கள் வண்டி லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர் ஓடும். ஆக வாரம் 180. பொத்துவில், லாகுகலை, சியம்பலாண்டுவை வழியாக மொனராகலையில் போய்ச் சேர்ந்தபோது அந்த வாரம் முடிந்துவிட்டது. அங்கே காத்திருந்து, அடுத்த 20 லீற்றரோடு வெல்லவாய, தணமல்வில வழியே அம்பாந்தோட்டையில் கடலைக் கண்டோம். எரிச்சலோடு காத்திருந்தோம் என்றுதான் முதலில் எழுதினேன், வெட்டிவிட்டேன். 2023 செப்டெம்பரில் அந்த முறை நீங்கிய பின்பும் எங்கள் வேகம் கூடவில்லை. ஓரிடத்தில் ஒரு வாரமாவது நின்றால்தான் எந்தக் கடையில் தேங்காய் நல்லது, எந்தக் கிணறு உப்பில்லை என்பதெல்லாம் தெரிகிறது.

இனி முக்கியமான விடயம்.

வீட்டு வண்டி பற்றிக் கிடைக்கிற காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் செய்தவை. சூடாக்கி எங்கே பொருத்துவது, சுவருக்குள் கண்ணாடிப் பஞ்சு எப்படி அடைப்பது என்பதே பேச்சு. நாங்களும் அடைத்தோம். ஒரு மாரி முழுவதும் அது ஈரத்தைக் குடித்து, தை மாதத்தில் நனைந்த நாய் மணம் வீசியது. பக்கச் சுவரிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தோம். இப்போது கூரைக்கடியில் மட்டும் நுரைத் தகடு, மேலே வெள்ளை நிறப்பூச்சு. அதுவே போதும்.

ஆனால் அந்தக் காணொளிகள் சொல்லாத பெரிய சிக்கல் கூரையில் இருந்தது. 200 வாட் பெனல் இரண்டு போட்டிருந்தோம். ஒரு நாளில் நான்கு மணித்தியாலம் நல்ல வெயில் என்றால் 1600 வாட் மணி. பிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, விளக்கு, தொலைபேசி எல்லாம் சேர்ந்து எங்கள் செலவு ஆயிரத்தைச் சுற்றி. கணக்கு மிச்சம் காட்டியது. திக்வெல்லையில் ஒரு விடுதிக்காரரின் தென்னந்தோப்பில் நிறுத்தியபோதுதான் கணக்கு உடைந்தது. அம்பியர் காட்டும் மானியில் 22 என்று நின்ற எண், ஒரே ஓர் ஓலையின் நிழல் பெனலில் விழுந்ததும் 6க்கு இறங்கியது. காற்றில் ஓலை விலகினால் 22, திரும்பினால் 6. பெனலுக்குள் கலங்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழலும் பெரும்பகுதியைப் படுக்கவைத்துவிடும். சரி என்று வேனை வெயிலுக்கு எடுத்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே 41 பாகை. மரத்தடியில் நின்றபோது 33. போதாததற்குச் சூடேறிய பெனலும் சோம்பிவிடும்: 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைகிறது.

பெனலுக்கு வெயில் வேண்டும், எங்களுக்கு நிழல் வேண்டும். இரண்டு பேரும் ஒரே கூரையில் குடியிருந்தோம்.

இரண்டாம் வருடம் ஒரு பெனலைக் கீழே இறக்கி, நானாவிடம் மடிக்கிற கால் வைத்து வாங்கினோம். பத்து மீற்றர் தடித்த வயர். பற்றரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலரைப் பெனலின் பக்கத்தில் வைக்காமல் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்தால், நீண்ட வயரில் உயர்ந்த வோல்ற் ஓடுவதால் இழப்புக் குறைவு. கூரையில் இருக்கும் மற்றப் பெனலுக்குத் தனி கன்ட்ரோலர். இப்போது வேன் பூவரசு நிழலில் நிற்கும், பெனல் எட்டத்தில் வெயிலில் நிற்கும். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அதைச் சூரியனுக்குத் திருப்புகிறார், ஆட்டுக்குட்டியை மாற்றிக் கட்டுவது போல. மூன்று வருடத்தில் இந்த வேனுக்குச் செலவழித்த காசில் இதுதான் நல்ல காசு. தொடக்கத்திலேயே செய்திருந்தால் கூரையில் நான்கு ஓட்டைகள் குறைந்திருக்கும்.

பற்றரியில் தவறு முழுவதும் எங்களுடையது. முதலில் 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி இரண்டு. ஏறக்குறைய அறுபது கிலோ பாரம். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். பயணம் முடிந்து வந்ததும் அப்படியே விட்டுவிட்டோம். அரைகுறையாக இறங்கிய ஈயப் பற்றரியைப் பத்து மாதம் சும்மா விட்டால் தகட்டில் சல்பேற்றுப் படிந்து இறுகிவிடும் என்று எனக்குத் தெரியும், வகுப்பெடுக்காத பாடம் என்பதால் மறந்துவிட்டேன். அடுத்த மாரியில் இரண்டும் செத்துக்கிடந்தன. இப்போது இருப்பது 200 அம்பியர் மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி ஒன்று. பாரம் பாதிக்கும் குறைவு, கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். விலை கேட்டபோது எனக்கு மூச்சு நின்றது. திரும்பி வந்ததும் பாதிச் சார்ஜில் வைத்து இணைப்பைக் கழற்றிவிடுகிறோம். கடற்கரையில் குடியிருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: முதல் வருடம் முடிவதற்குள் வயர் முனைகளில் பச்சைப் பொடி பூத்திருந்தது. இப்போது ஒவ்வொரு முனையிலும் கிறீஸ்.

பிரிட்ஜ் 12 வோல்ற்றில் ஓடும் 45 லீற்றர் பெட்டி. ஒரு நாளுக்கு 500 வாட் மணி குடிக்கிறது. வாங்கும்போது மகன் அளவுகளைப் படித்தான். நான் வீட்டிலிருந்து ஒரு தயிர்ச் சட்டியைக் கொண்டுபோனேன். கடைக்காரர் சிரித்தார். உள்ளே இருக்கும் கம்பிக்கூடையை எடுத்தால் சட்டி உட்காரும், எடுக்காவிட்டால் மூடி மூடாது. ஆகவே கூடை எங்கள் வீட்டில் வெங்காயம் போட்டுவைக்கப் பயன்படுகிறது. தெற்கே தெருவோரமெல்லாம் எருமைத் தயிர் விற்கிறார்கள், கித்துள் பாணியோடு. நல்லதுதான். நம் மட்டக்களப்புத் தயிரைக் கத்தியால் வெட்டி எடுக்கலாம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

தண்ணீருக்கு முதலில் நூறு லீற்றர் தாங்கி. நூறு லீற்றர் என்றால் நூறு கிலோ. கழற்றிவிட்டு 20 லீற்றர் கான் இரண்டு வைத்தோம், குறையே இல்லை. ஐந்து கிலோ காஸ் சிலிண்டர் எங்களுக்கு ஒரு மாதம் தாண்டும். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை கட்டாயம் வேண்டும். கழிப்பிடம் பற்றி வெட்கப்படாமல் சொல்கிறேன்: அறுபது தாண்டிய பெண் இரவில் வேனுக்கு வெளியே இறங்கத் தேவையில்லாத ஏற்பாடு எதுவோ, அதற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. எங்களுடையது தண்ணீர் இல்லாத வாளி. சிறுநீர் தனியே போகும், மற்றதற்கு மேல் தும்புத்தூள். மணம் இல்லை. தும்புத்தூள் எங்கள் பக்கம் மூட்டையாகவே வாங்கலாம்.

மெத்தைக்கடியில் இருந்த பலகை பூஞ்சணம் பிடித்துக் கறுத்தது. பலகையைச் சட்டங்களாக அறுத்து இடைவெளி விட்டு, மேலே பன்பாய் விரித்து அதன் மேல் மெத்தை போட்டோம். பாய் மூச்சு விடுகிறது. உண்மையில் பயணத்தில் பழுதானதைவிட, வீட்டு வளவில் சும்மா நின்று பழுதானதே கூட. ஐப்பசி தொடக்கம் புறப்படும்வரை வாரம் ஒருமுறை கதவுகளைத் திறந்துவிட்டு விசிறியை ஓடவிடுகிறேன்.

நிறுத்துமிடம்: இந்த நாட்டில் வீட்டு வண்டிகளுக்கென்று ஒழுங்கான தரிப்பிடம் எங்கள் வழியில் எதுவும் கண்ணில் படவில்லை. விடுதி வளவுகளில் கேட்டு நிற்கிறோம். நாங்கள் கொடுத்தது இரவுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், கிணறும் குளியலறையும் சேர்த்து. என் அரைகுறைச் சிங்களம் இதற்குப் போதும். தங்காலையில் ஒரு தைப்பொங்கல். மண்பானை வைக்க அடுப்பில் இடமில்லை, அலுமினியச் சட்டியில் பொங்கினோம். கடற்காற்றில் அடுப்பு மூன்று முறை அணைந்தது. மீன்காரர் தன் சைக்கிள் பெட்டியின் மூடியைக் கழற்றிவந்து காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் பொங்கும்வரை நின்றார். பொங்கல் மீன் மணத்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

யானை: லாகுகலைப் பகுதியை மாலை நாலரைக்குப் பின் கடப்பதில்லை. புத்தல – கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனத்தை மறித்துத் தும்பிக்கை நீட்டும். கதிர்காமம் போன நாளில் எங்கள் பின் தட்டில் ஒரு வாழைக்குலை தொங்கியது நினைவுக்கு வந்தபோது, எதிரே ஒன்று நின்றுகொண்டிருந்தது. வேறொரு பஸ் வந்து அதன் கவனத்தைத் திருப்பியதால் இதை எழுதுகிறேன். பழம் இனிமேல் கதிர்காமத்தில்தான் வாங்குவது.

2024 நவம்பர் கடைசி வெள்ளத்தில் அம்பாறைப் பக்கம் வீதிகள் மூழ்கியதைப் பார்த்த பிறகு, நீர் முழுவதும் வடிந்து பாதை உறுதியாகும்வரை புறப்படுவதில்லை என்று வைத்திருக்கிறோம். இவருடைய முட்டு வருத்தத்தைப் பொறுத்தவரை, மூன்று ஜனவரிகளிலும் இரவில் எழுந்து உட்கார்ந்ததில்லை. மருந்தை நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வருகிற மாரிக்கு முன் சறுக்குக் கதவின் ரப்பரும் பின் ரயர் இரண்டும் மாற்ற வேண்டும். நுளம்பு வலை கிழிந்திருக்கிறது, அது என் வேலை. நேற்று இவர் ஏணியைச் சாத்திக் கூரையில் ஏறி, அளவு நாடாவோடு நின்றார். காற்று உறிஞ்சும் விசிறி ஒன்று கூரையில் வைத்தால் இன்னும் குளிராக இருக்குமாம். "ஒரு சின்ன ஓட்டைதான்" என்றார். ஏணியை எடுத்துக்கொண்டு வந்து குசினிக்குள் வைத்துவிட்டேன்.