பழைய வீட்டோடு பத்தி இறக்கித் தரும் மேசன் ஆக்கள்: வேலை எப்படி?

கிளிநொச்சிப் பக்கம், ஏற்கெனவே இருக்கிற வீட்டோடு சேர்த்து அறை, குசினி, பாத்ரூம் எல்லாம் கட்டித் தரும் (இதைத்தான் பத்தி இறக்குவது என்போம்) ஒரு மேசன் குழுவிடம் போன வருசம் வேலை கொடுத்தோம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் ஆளின் பெயரைப் போடவில்லை.

எங்கள் வீடு, போருக்குப் பிறகு இந்திய அரசு காசு கொடுத்துக் கட்டுவித்த இந்திய வீட்டுத்திட்டத்து வீடு. 550,000 ரூபாய்க் காசு, 550 சதுர அடி, இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அது கட்டும்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஹோலில் பாயை விரித்தால் போதும். இப்போது அம்மம்மா, அப்பா, அம்மா, தங்கச்சி, அவளுடைய மனுசன், நான், தம்பி. வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், மாப்பிள்ளைதான் வந்து இருப்பார், அதனால் நல்ல அறை அவர்களுக்குப் போனது, மற்ற அறையில் அம்மா அப்பாவோடு அம்மம்மா, ஆம்பிளைப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஹோலில். தங்கச்சியின் கலியாணம் முடியும்வரை என் கலியாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முடிந்த கையோடு "உனக்கு எப்ப?" என்று தொடங்கிவிட்டார்கள், ஹோலில் படுக்கிறவனுக்கு எந்த வீட்டில் பொம்பிளை கொடுப்பார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். வந்த அன்று மேசன் அளவு நாடாவையே வெளியில் எடுக்கவில்லை. விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, யார் எத்தனை மணிக்கு எழும்புவது, அம்மம்மா இராத்திரியில் எத்தனை தரம் வெளியில் போவா, மருமகன் வேலையால் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். பிறகு, தங்கச்சியும் மனுசனும் போகப்போகிற புது அறைக்கு ஹோலுக்குள்ளால் கதவு வைக்க வேண்டாம், வெளிப்பக்கமாகத் தனி வாசல் வைப்போம் என்றார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு வீட்டில ரெண்டு வாசல் எண்டால் சனம் குடும்பம் பிரிஞ்சு போச்செண்டு கதைக்கும் தம்பி." அதற்கு அவர், "கதைக்கிற சனமே அக்கா உங்கட ஹோலில வந்து படுக்கப்போகுது?" என்றார். அதோடு அம்மா பேசவில்லை.

இந்தப் பெரிய வேலையிலேயே உருப்படியான முடிவு அந்த வாசல்தான். மருமகன் இரவு வேலை முடிந்து நடுச்சாமத்தில் வந்தாலும் அப்பாவின் நித்திரை குழம்புவதில்லை, தங்கச்சி விடிய முதல் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுவதும் யாருக்கும் தெரியாது. குசினியும் தனி. ஆனால் சொதி அந்தப் பக்கமும் மீன்குழம்பு இந்தப் பக்கமுமாகத்தான் தினமும் போய்வருகிறது, சண்டை குறைந்தது உண்மை.

கதவு நிலைகள் முதிரை மரம், பூச்சு வேலை சுத்தம், கூரைக்குச் சீற் போட்ட இடத்தில் இந்த மாரிக்கு ஒரு சொட்டு ஒழுக்கில்லை.

குறை என்றால் முதலில் அம்மம்மாவின் சக்கர நாற்காலிக்கான சாய்தளம். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு அத்திவாரத்தை உயர்த்தித்தான் கட்ட வேண்டும் என்று அப்பா பிடிவாதம், இரண்டு அடி உயர்த்தியாயிற்று. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அப்படியென்றால் இருபத்துநான்கு அடி. இவர் ஆறு அடியில் முடித்துவிட்டார். சக்கர நாற்காலியை அதில் தள்ளிப் பார்த்தபோது தம்பிக்கே மூச்சு வாங்கியது, இறக்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கதைத்த பிறகு உடைத்து, சுவரோடு ஒட்டிப் போய் மூலையில் திரும்புகிற மாதிரிக் கட்டித் தந்தார், கூலி வாங்கவில்லை, சீமெந்தும் கல்லும் எங்கள் தலையில். இத்தனை கேள்வி கேட்ட மனிசன் இதை முதலே யோசித்திருக்கலாம். பாத்ரூம் வாசலை மட்டும் மூன்று அடி அகலமாக வைத்து, கொமட்டுக்குப் பக்கத்தில் பிடிகம்பியும் அடித்திருக்கிறார், அது நல்ல வேலை.

அடுத்தது, காலபோக (மாரி மழைக்கு விதைக்கிற) நெல் அறுவடை தொடங்கியதும் ஆக்களைக் காணவில்லை. குழுவில் பாதிப் பேருக்குச் சொந்த வயல், அது நியாயம்தான், ஆனால் போகிறோம் என்று ஒரு சொல்? போன் எடுத்தால் ஓஃப். முற்பணத்தைப் பெருந்தொகையாகக் கொடுத்துவிடாதீர்கள். அத்திவாரம், நிலை மட்டம், கூரை, பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிய முடியக் காசைக் கொடுங்கள்.

மேசன் சொல்லித் தராத ஒன்று. குடியேற்றத் திட்டத்தில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணி என்றால், மகளுக்கென்று பத்தி இறக்கினாலும் காணி அவளுடையதாகாது, நினைத்தபடி துண்டு பிரிக்கவும் முடியாது. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளராக, அதாவது பேர்மிட்காரருக்குப் பிறகு காணி போய்ச் சேருகிற ஆளாக, யாரைப் பதிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பா என்னைப் பதிந்து வைத்திருந்தார், பத்தி தங்கச்சிக்கு, இப்போது அதை மாற்ற அலைகிறோம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சித்திரை கழிந்ததும் பேசிவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். ஆளின் நம்பர் வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள்.