சைட்டா, ஃப்ளாட்டா, பக்கத்து ஊரா: கோவை எந்தப் பக்கம் வளரலாம்?

எங்கள் அக்காவும் மாமாவும் சத்தி ரோட்டில் கோவில்பாளையம் தாண்டி மூன்றரை சென்ட் சைட் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். பிரமோட்டர் வேன் வைத்துக் கூட்டிப் போனார். எங்களோடு இன்னும் நாலு குடும்பம். சோளக்காடாக இருந்த பூமி. வரப்பு இருந்த இடத்தில் ஜல்லி கொட்டி ரோடு போட்டிருந்தார்கள். மூலைக்கு மூலை மஞ்சள் பூசிய கல், அதில் கறுப்பில் நம்பர். வெட்டாமல் விட்ட ஒற்றைப் பனை மட்டும் அங்கே காடு இருந்ததைச் சொல்லிக்கொண்டு நின்றது. "அஞ்சு வருசத்துல இது டவுனுக்குள்ள வந்துருமுங்க" என்றார் பிரமோட்டர்.

எட்டு வருடம் ஆகிவிட்டது. 92 சைட்டில் 27 வீடு. மிச்சத்தில் பார்த்தீனியம் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. பஞ்சாயத்துக் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் நல்ல தண்ணி, அதுவும் முக்கால் மணி நேரம். மற்றதெல்லாம் போர் தண்ணி. அக்கா வீட்டு ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தபோது காயில் மேல் உப்பு விரல் பருமனுக்கு ஏறியிருந்தது. குடிக்கக் கேன். மாமா காந்திபுரத்துக்கு வேலைக்குப் போக ஒரு வழி 22 கிலோமீட்டர்.

அன்றைக்கு அவர்கள் கையில் மூன்று வழி இருந்தது. கொஞ்சம் கூடுதலாகக் கடன் வாங்கிச் சிங்காநல்லூர்ப் பக்கம் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் வாங்கியிருக்கலாம். வெளியே சைட் வாங்கி வீடு கட்டலாம். இல்லை, மாமாவின் சொந்த ஊரான மேட்டுப்பாளையத்திலேயே இருந்துகொண்டு ரயிலில் வந்துபோகலாம். ஒரு குடும்பத்துக்கு இருந்த இந்த மூன்று வழிதான் கோவைக்கும் இருக்கிறது. கூடிக்கொண்டே போகும் ஜனத்தை வெளியே பரப்புவதா, உள்ளே இடம் செய்து வைப்பதா, சுற்றியுள்ள சிறு ஊர்களை வளர்த்துப் பகிர்ந்துகொள்வதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளேதான் முதலில், அடுத்து பக்கத்து ஊர், சைட் போட்டுப் பரவுவது கடைசி. இப்போது நடப்பது இதற்கு நேர் தலைகீழ்.

எண்கள் சொல்வது

2001இல் கோவை மாநகராட்சியின் மக்கள்தொகை 9.31 லட்சம். 2011இல் அதே பழைய எல்லைக்குள் 10.51 லட்சம். பத்து வருடத்தில் ஒன்றேகால் லட்சம்கூடக் கூடவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து எண்ணும் நகரத் தொகுதியின் கணக்கு ஏறக்குறைய 14.5 லட்சத்திலிருந்து 21.37 லட்சமாக ஏறியது. எண்ணும் எல்லையும் இடையில் விரிந்தது உண்மைதான். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஜனம் எந்தப் பக்கம் போனது என்பதில் சந்தேகமில்லை. ஊரின் நடு அப்படியே நிற்க, ஓரம் மட்டும் உப்பிக்கொண்டு போகிறது.

2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய நகராட்சிகளையும் சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி, துடியலூர் முதலான பேரூராட்சிகளையும் சேர்த்ததில் மாநகராட்சியின் பரப்பு 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 257 ஆனது. அதற்குள் ஓரம் இன்னும் வெளியே போய்விட்டது. நீலாம்பூரும் கோவில்பாளையமும் இன்றைக்கு எந்த விதத்தில் கிராமம்?

எல்லை எங்கே என்பது வெறும் காகிதச் சங்கதி அல்ல. 2025 நவம்பரில் கோவை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது சொன்ன காரணங்களில் மக்கள்தொகையும் ஒன்று. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் பேர் வேண்டும். மாநகராட்சியை மட்டும் எண்ணினால் 16 லட்சத்தைத் தொடவில்லை. சுற்றுவட்டாரத்தைச் சேர்த்தால் 2011லேயே 21 லட்சம். அக்கா வீட்டில் இருக்கும் நால்வரும் தினம் கோவைக்குள் வந்து, கோவை ரோட்டில் நெரிசலை உண்டாக்கி, கோவைக் கடைகளில் காசு செலவழிக்கிறார்கள். மாநகராட்சிக் கணக்கில் மட்டும் அவர்கள் இல்லை.

வெளியே சைட்

இதற்கு ஆதரவான வாதம் லேசானதல்ல. சொந்த மண். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி. வாசலில் கோலம், பின்னால் கறிவேப்பிலையும் முருங்கையும். வங்கியிலோ ஏலச்சீட்டிலோ பணம் போட்டதைவிடப் பூமியில் போட்டது ஏறும் என்ற நம்பிக்கை. இந்த ஊரில் பல தலைமுறைக்கு அது பலித்தும் இருக்கிறது. 2016இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவிட்ட பிறகு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் பார்த்து வாங்கும் பழக்கமும் வந்துவிட்டது. முன்பு மாதிரிப் பஞ்சாயத்து சீல் மட்டும் குத்திய பேப்பரை நம்பி ஏமாறுவது குறைந்திருக்கிறது.

ஆனால் அப்ரூவல் என்பது ரோடு இத்தனை அடி, ரிசர்வ் சைட் (பூங்கா மாதிரிப் பொதுத் தேவைக்கு ஒதுக்கும் இடம்) இத்தனை சதவீதம் என்பதற்குத்தான். தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் அது உத்தரவாதம் இல்லை. இதைச் சைட் வாங்கும் பலர் வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் உணர்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாமாவுக்குத் தினம் 44 கிலோமீட்டர், மாதம் 25 நாள், 1,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் பைக் என்றால் 24 லிட்டருக்கு மேல்; லிட்டர் நூறு ரூபாய்க்கு மேலே விற்கும் காலத்தில் மாதம் 2,500 ரூபாய். அக்காவுக்கு ஒரு ஸ்கூட்டர், மகளுக்குப் பள்ளி வேன், வாரத்துக்கு நாலு கேன், கோடையில் இரண்டு லாரித் தண்ணீர். ஃப்ளாட்டுக்குக் கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டிய மாதத் தவணையின் பெரும்பகுதி இப்படியே கரைந்துபோகிறது. கடன் என்றைக்காவது முடியும், பெட்ரோல் முடியாது.

ஊருக்கு ஆகும் செலவு இன்னும் பெரிது. 92 சைட்டுக்கும் பைப் போட வேண்டும், தெருவிளக்குப் போட வேண்டும். வரி கட்ட 27 வீடு. ஒரு லே-அவுட்டுக்கும் அடுத்த லே-அவுட்டுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் விவசாயம் நின்ற காடு. இதில் யார் ஓட்டினாலும் பஸ் கட்டுபடியாகாது. பஸ் இல்லாததால் ஆளுக்கொரு வண்டி. வண்டி பெருகியதால் மேம்பாலம். அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. எனக்கும் அதில் போக நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஆனால் கருமத்தம்பட்டியில் சைட் விற்பவர் இப்போது "ஏர்போர்ட்டிலிருந்து இத்தனை நிமிஷம்" என்று அந்தப் பாலத்தையும் சேர்த்தே விற்கிறார்.

திசைக்குத் திசை ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கே சூலூர், வடகிழக்கே அன்னூர் என்றால் போவது மானாவாரிக் காடும் கிணற்றுப் பாசனமும். இழப்புதான், ஆனாலும் சகித்துக்கொள்ளக்கூடிய இழப்பு என்று சிலர் வாதாடலாம். மேற்கே அப்படி வாதாட இடமில்லை. தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கம் நொய்யல் பிறக்கும் இடம். யானை இறங்கி ஏறும் தடம். சிறுவாணித் தண்ணீர் வரும் வழி. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவைப்படும் கிராமங்கள் அங்கே நிறைய இருப்பதற்குக் காரணம் உண்டு. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை எடுத்துத் தள்ளிய செங்கல் சூளைகளை 2021இல் மூட வைக்கவே எத்தனை வருடப் போராட்டம் என்பது இந்த ஊருக்குத் தெரியும். மதுக்கரை மைல்கல்லிலிருந்து நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கிலோமீட்டருக்கு மேற்குப் புறவழிச் சாலை போடுகிறார்கள். லாரிகள் ஊருக்குள் வராமல் போக அந்த ரோடு வேண்டும்தான். அதன் இருபுறமும் மஞ்சள் கல் நடவிட்டால், நொய்யல் குளங்களுக்கு வரும் கொஞ்ச நஞ்சத் தண்ணீரையும் மறந்துவிட வேண்டியதுதான்.

உள்ளே ஃப்ளாட்

பத்து ஏக்கர் பூமியை எடுத்துக்கொள்வோம். லே-அவுட் போட்டால் ரோட்டுக்கும் ரிசர்வ் சைட்டுக்கும் போக ஏறக்குறைய ஆறு ஏக்கர் மிஞ்சும். மூன்று சென்ட் வீதம் 200 வீடு. அதே பத்து ஏக்கரில், சாதாரண உயரக் கட்டடங்களுக்குத் தமிழ்நாட்டு விதி தரும் எஃப்.எஸ்.ஐ. 2 அளவுக்கு (அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்டடப் பரப்பு) மட்டும் கட்டினாலே எட்டரை லட்சம் சதுர அடிக்கு மேல் வரும். 700 குடும்பம் தாராளமாக இருக்கலாம். ஆகாயத்தை முட்டும் டவர் தேவையில்லை. நாலைந்து மாடி போதும்.

இடம் எங்கே என்று கேட்பவர்கள் காமராஜர் ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் ஒரு நடை நடந்து பார்க்கலாம். இது மில் ஊர். 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி அரை நூற்றாண்டுக்குள் நகரத்தைச் சுற்றி மில்களாக எழுந்தன. நகரம் வளர்ந்து அவற்றை உள்ளே வாங்கிக்கொண்டது. பின்பு பல மூடின. பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ், முருகன் என என்.டி.சி. (மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகம்) வசம் இருந்த மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. தொழிலாளர்கள் இன்னும் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பாக்கியைத் தீர்க்காமல் அந்த மண்ணைத் தொடக் கூடாது என்பதே என் கட்சி. ஆனால் மில் திரும்ப ஓடாது என்று முடிவானால், பஸ் போகும் ரோட்டில், பாதாளச் சாக்கடையும் நல்ல தண்ணிக் குழாயும் எட்டும் தூரத்தில் இருக்கும் அந்த நிலம் என்னவாக வேண்டும்? இதுவரை விலைபோன மில் நிலங்கள் பெரும்பாலும் மாலாகவும் விலை உயர்ந்த அடுக்ககமாகவும் ஆகிவிட்டன. மாமா மாதிரி மாதச் சம்பளக்காரருக்கு அதில் ஒரு கதவும் திறக்கவில்லை.

சிங்காநல்லூர் ஹவுசிங் யூனிட் இன்னொரு பாடம். வீட்டு வசதி வாரியம் 1980களில் கட்டிய 960 வீடுகள். மேற்கூரை பெயர்ந்து கம்பி தெரியும் நிலைக்கு வந்து, இடித்துக் கட்டுவதா, யார் கட்டுவது, யாருக்கு எத்தனை சதுர அடி என்ற பேச்சிலேயே வருடங்கள் போயின. ஃப்ளாட் வாங்க மக்கள் தயங்குவதற்கு இதுவும் காரணம். முப்பது நாற்பது வருடம் கழித்துக் கட்டடம் பழுதானால் என் பங்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த ஊர் இன்னும் ஒரு நல்ல பதிலைக் கண்ணில் காட்டவில்லை. உள்ளே வாருங்கள் என்று அழைப்பவர்கள் முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும். பராமரிப்புக் கட்டணச் சண்டை, கார் நிறுத்தும் சண்டை எல்லாம் அப்புறம்.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்திருக்கிறது. குளக்கரைகளில் குடிசை போட்டிருந்த குடும்பங்களுக்கு உக்கடத்தை விட்டுக் கீரணத்தத்திலும் மலுமிச்சம்பட்டியிலும் வாரிய வீடு கொடுத்தார்கள். குளத்துக்கு நல்லது. கூரை உறுதி. ஆனால் பூ மார்க்கெட்டிலும் காய் மார்க்கெட்டிலும் விடியற்காலை மூன்று மணிக்குச் சுமை தூக்குபவர் அந்நேரத்துக்குக் கீரணத்தத்திலிருந்து எதில் வருவார்? வசதி உள்ளவர் வெளியே போவது அவர் தேர்வு. இவர்களை யாரும் கேட்கவே இல்லை. உள்ளே கட்டும் வீட்டில் முதல் பங்கு இவர்களுக்கு என்று இருந்திருக்க வேண்டும்.

பழைய கோவைக்கு இது தெரியாத வித்தையும் அல்ல. பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசல் குறைய உருவான ஆர்.எஸ்.புரத்தைப் பாருங்கள். குறுக்கும் நெடுக்கும் நேர்த் தெரு, நடந்து போகும் தூரத்தில் மார்க்கெட், பள்ளி, கோயில். இன்றைக்கும் அங்கே ஒரு பாட்டி தனியாகப் போய்க் கீரை வாங்கி வர முடிகிறது. அக்கா வீட்டுப் பக்கம் கொத்தமல்லித் தழை வாங்க வண்டியை எடுக்க வேண்டும்.

பக்கத்து ஊர்

மூன்றாவது வழியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, சூலூர், அன்னூர் எல்லாம் புதிதாக உண்டாக்க வேண்டிய துணை நகரங்கள் அல்ல. சந்தை, ஆஸ்பத்திரி, மேல்நிலைப் பள்ளி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் ஏற்கெனவே உள்ள முழு ஊர்கள். மேட்டுப்பாளையத்துக்கும் பொள்ளாச்சிக்கும் தண்டவாளமும் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ரயில் காரமடை, வடகோவை வழியாக ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் கோவை ஜங்ஷனில் விடுகிறது. ரோட்டில் அந்நேரத்துக்குத் துடியலூரே தாண்டியிருக்க மாட்டோம். கோவையைச் சுற்றிப் போத்தனூர், இருகூர் என்று தண்டவாளம் ஒரு வட்டமே போட்டிருக்கிறது. அதில் அரை மணிக்கு ஒரு வண்டி ஓடினால் மெட்ரோவுக்குக் காத்திருக்கும் காலத்தையாவது சமாளிக்கலாம்.

குறை வேலை வாய்ப்பில் இருக்கிறது. டைடல் பார்க் பீளமேட்டில், ஐ.டி. கம்பெனிகள் சரவணம்பட்டியில், பெரிய ஆஸ்பத்திரிகள் அவிநாசி ரோட்டில். ஜங்ஷனில் இறங்கிய பிறகு இன்னொரு முக்கால் மணிப் பயணம் மிச்சமிருக்கிறது. மாமா அப்போது மேட்டுப்பாளையம் வேண்டாம் என்றதற்குக் காரணமே ஆறு மணிக்கு மேல் வேலை முடிந்தால் எந்த ரயில் என்ற ஒரே கேள்விதான். ரயில்களின் எண்ணிக்கை கூடினால் இந்த வழி இரண்டாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கே வரலாம்.

கோவைக்கு 1994இல் போட்ட முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) வைத்துத்தான் முப்பது வருடம் ஓட்டினோம். இப்போது 2041 வரைக்கும் ஒன்று வந்திருக்கிறது. அதில் எந்தச் சர்வே எண் மஞ்சள் (குடியிருப்பு), எது பச்சை (விவசாயம்) என்று பார்க்கப் புரோக்கர்கள் காட்டும் அக்கறையில் பாதியாவது நாம் காட்ட வேண்டும். எந்த மில் நிலத்தில் எத்தனை வீடு, எந்தக் கிராமத்துக்கு எந்த வருடம் குழாய் என்று வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டும்.

அக்கா மகள் இந்த வருடம் ப்ளஸ் ஒன். காலையில் சிறப்பு வகுப்பு, சாயங்காலம் டியூஷன். பீளமேட்டில் வாடகைக்கு வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். சைட் வீட்டை வாடகைக்கு விடப் போர்டு மாட்டியிருக்கிறது. போன வாரம் ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள். தரை, சமையலறை எல்லாம் பிடித்திருந்தது. கிளம்பும்போது அந்த அம்மா குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்று கேட்டார். அக்கா பத்து நாள் என்று உள்ளதைச் சொன்னார். போன் பண்ணுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் இன்னும் பண்ணவில்லை.