குடல் அறுவைக்குப் பின் கொடுக்கும் சத்துப் பானம்: குப்பி நல்லது, கொடுக்கும் விதத்தில்தான் கோளாறு

200 மி.லி. குப்பி, 300 கிலோகலோரி, 12 முதல் 20 கிராம் புரதம். குடல் அறுவை முடிந்தவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் ஆயத்தச் சத்துப் பானங்களில் பல இந்தக் கணக்கில்தான் வருகின்றன. அதே 300 கிலோகலோரியை 125 மி.லி.க்குள் அடக்கிய கெட்டியான வகையும் உண்டு. சரக்கில் குறையில்லை. எப்போது திறக்கிறார்கள், எவ்வளவு வேகமாகக் குடிக்கவைக்கிறார்கள் என்பதில்தான் பலன் கெடுகிறது.

காற்றுப் பிரிந்தால்தான் வாயில் தண்ணீர் என்ற பழைய விதியால் குப்பி நாலு நாள் மேசையிலேயே கிடப்பதுண்டு. சிறுகுடல் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும். இரைப்பைக்கு ஓரிரு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள். காற்றுப் பிரிவது கடைசியாக விழிக்கும் பெருங்குடல் தரும் சேதி. அதுவரை பட்டினி போட அவசியமில்லை. குடலில் போட்ட தையலுக்கு ஓய்வு வேண்டும் என்ற வாதமும் நிற்காது. எதுவும் சாப்பிடாவிட்டாலும் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் எல்லாம் லிட்டர் கணக்கில் குடலுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990களில் முன்னெடுத்த விரைவு மீட்பு முறையை ஒட்டி நடக்கும் வார்டுகளில், திட்டமிட்ட அறுவை என்றால் மயக்கம் தெளிந்த சில மணி நேரத்தில் தண்ணீர், 24 மணி நேரத்துக்குள் உணவு.

குடிக்கும் முறை இது. நிமிர்ந்து உட்காரவைத்து முதலில் 30 மி.லி. தண்ணீர். அரை மணி நேரம் குமட்டல் இல்லையென்றால் பானத்தில் 50 மி.லி., மடக்கு மடக்காக. ஒரு குப்பிக்கு மூன்று நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். முதல் நாளுக்கு ஒன்றோ இரண்டோ போதும். ஒரே மூச்சில் இறக்கினால் செறிந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுக்கும். வயிறு உப்பும், பிடித்திழுக்கும், பேதியாகும். கெட்டி வகையில் இந்தத் தொல்லை அதிகம். பழி மட்டும் 'சீக்கிரம் கொடுத்ததால்' என்று விழும்.

சுவை? உலோக வாடையோடு திகட்டும் இனிப்பு. குளிரவைத்தால் பாதி மறையும். திறந்தது வெளியில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் 24 மணி நேரம். அதற்குமேல் கொட்டிவிட வேண்டியதுதான்.

சாப்பாட்டுக்குப் பதிலாக இதையே நம்பக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம் புரதம் தேவை. 20 கிராம் குப்பி இரண்டு குடித்தாலும் பாதியளவுதான் தேறும். மிச்சத்துக்கு மென்மையான திட உணவு வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் குடித்தால் பசி செத்துவிடும். இரு வேளைகளுக்கு நடுவில் குடிப்பதே சரி.

சிறுகுடலை வயிற்றின் வெளியே திறந்து பை பொருத்தியவர்களுக்கு இது அவ்வளவாக ஒத்துவராது. பையில் ஒரு நாளைக்கு 1.5 லிட்டருக்கு மேல் வந்தால் இனிப்புப் பானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடிப்பது உப்பிழப்பைக் கூட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசலே பொருத்தம். அறுவைக்கு முன்பே பல நாள் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு முழு அளவில் தொடங்குவதும் ஆபத்து: இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரசரவென இறங்கும். அந்த அளவுகளைப் பார்த்து, தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டு மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி, வயிறு பானைபோல் உப்பல் என்றால் குப்பியை மூடிவைக்க வேண்டும். ஊக்கப்படுத்திக் குடிக்கவைத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகக்கூடும். மூன்று நாளுக்குப் பிறகு புதிதாகக் காய்ச்சல், படபடக்கும் நாடி, கூடும் வலி வந்தால் பானத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. குடலை இணைத்துத் தைத்த இடத்தில் கசிவா என்று அன்றே பார்க்கச் சொல்ல வேண்டும்.