மூன்று இயங்குதளம், ஒரே மென்பொருள்: எலக்ட்ரானா, க்யூட்டியா?

பழைய தமிழ் இதழ்களின் ஸ்கேன் படங்களை அட்டவணைப்படுத்த நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டற்ற மென்பொருள் எழுதிவருகிறோம். மூவரிடம் லினக்ஸ், ஒருவரிடம் விண்டோஸ், இன்னொருவரிடம் பழைய மேக். முதல் பதிப்பு, வலைத்தளம் எழுதும் முறையிலேயே கணினி மென்பொருளை எழுத உதவும் எலக்ட்ரானில் (Electron) இருந்தது. போன வருடம் மொத்தத்தையும், பல இயங்குதளங்களுக்கு ஒரே நிரலை எழுத உதவும் க்யூட்டிக்கு (Qt) மாற்றினோம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். எலக்ட்ரான் குரோமியம் என்ற முழு உலாவியையே உள்ளே சுமப்பதால் கோப்பு பெரிது, நினைவகமும் அதிகம் பிடிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த தன்னார்வலர் சுலபமாகக் கிடைப்பார். தமிழைக் காட்டுவதில் இரண்டும் சமம்; இரண்டிலும் எழுத்தைக் கோப்பது ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற நிரலகம்தான், கொம்பும் காலும் எங்கேயும் இடம் மாறுவதில்லை. இதே வேலைக்கான இன்னொரு கருவியான ஜிடிகேவை (GTK) நான் லினக்ஸில் மட்டுமே பயன்படுத்தியிருப்பதால் இங்கே ஒப்பிடவில்லை. வலையமைப்புப் போக்குவரத்தை ஆராயும் மென்பொருளான வயர்ஷார்க் 2015இல் 2.0 பதிப்பில் ஜிடிகேவை விட்டு க்யூட்டிக்கு வந்தது மட்டும் எங்களுக்கு நல்ல தைரியம் கொடுத்தது.

எங்களை மாறவைத்தது பராமரிப்பு. ஒருநாள் மேக் நண்பர் ஸ்கேன் கோப்புகளின் பெயர்களைக் கொண்டு தயாரித்து அனுப்பிய அட்டவணையை லினக்ஸில் திறந்து 'கோவை' என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. பட்டியலிலோ 'கோவை' கண்ணெதிரே இருக்கிறது! பைட்டுகளை எண்ணிப் பார்த்தால், நான் தட்டியது 12, அவருடையது 15. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயரில் உள்ள ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். எலக்ட்ரானுக்குள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் (Node.js) அதை உள்ளபடியே கையில் கொடுக்கும். சேர்த்துக்கொள்வது நம் பொறுப்பு, அதை நாங்கள் செய்யவில்லை. சரி என்று திருத்தப் போனால், கோப்புப் பெயரைத் தொடும் இடங்கள் நிரல் முழுக்க இறைந்து கிடந்தன.

க்யூட்டியின் கோப்பு வகுப்புகள் மேக்கில் பெயரை வாங்கும்போதே சேர்த்த வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. ஜிப்பில் லினக்ஸுக்கு வந்துசேரும் பிரிந்த பெயரை அது தொடாது. அதற்கு மட்டும் நாமே ஒரு வரி எழுத வேண்டும். ஆனாலும் இயங்குதளங்களின் வேறுபாட்டை ஒரே இடத்தில் யாரோ ஏற்கெனவே சுமந்திருக்கிறார்கள் என்பது, மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிகிற எங்களுக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் பதிப்புகள். எலக்ட்ரானில் எட்டு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும். கடைசி மூன்றுக்கு மட்டுமே ஆதரவு. ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத பதிப்பில் நிற்போம். க்யூட்டியிலும் குறை உண்டு: நீண்டகால ஆதரவுத் திருத்தங்கள் முதலில் காசு கொடுப்பவர்களுக்குத்தான் போகின்றன. இரண்டு மூன்று வருடம் ஓட்டிய பிறகே அது எங்களை எவ்வளவு இடிக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

குழுவில் எல்லோரும் வலைத்தளம் எழுதுபவர்கள் என்றால் எலக்ட்ரானிலேயே இருங்கள். கோப்புப் பெயர் உள்ளே வரும் வாசலை மட்டும் ஒன்றாக வைத்து, அங்கேயே சீர்படுத்திவிடுங்கள்.

மேக்கில் மென்பொருள் தடையின்றித் திறக்க அதற்கு டிஜிட்டல் கையொப்பமிட ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர் கட்ட வேண்டியிருப்பதை இரண்டுமே தீர்க்காது. எங்களிடம் அந்தப் பணம் இல்லை. மேக் நண்பர் இன்றும் ஒவ்வொரு புதிய பதிப்பையும் அமைப்புகளுக்குள் போய் அனுமதி கொடுத்துத்தான் திறக்கிறார்.