இணையத் தொலைபேசி: குரலுக்கு நான்கு நட்சத்திரம், ஆயத்தத்துக்கு ஒன்று

வடமேற்கு லண்டனில், ஹரோ பக்கம் எங்கள் மளிகைக் கடை. காய்கறி, மீன், அரிசி மூட்டை, கோயில் சாமான் எல்லாம் உண்டு. கடை அண்ணாவுடையது; கணக்கு, காப்புறுதி, மின்கட்டணம், தொலைபேசி என்று கடதாசி சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில். பழைய தொலைபேசி இணைப்பை விட்டு இணையத் தொலைபேசிக்கு மாறிச் சில மாதங்கள் ஆகின்றன. விற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சேவையை ஏறக்குறைய இதே விலைக்கு விற்பவர்கள் இங்கே ஏராளம். யாரிடம் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

மாறாமல் இருந்துவிடலாமே என்றுதான் அண்ணா கேட்டார். முடியாது. பழைய முறைத் தொலைபேசி இணைப்புகளைப் புதிதாக விற்பதை, தொலைபேசிக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனம் 2023 செப்டம்பர் 5ஆம் திகதியோடு நாடு முழுவதும் நிறுத்திவிட்டது. இருக்கும் இணைப்புகளை 2025 டிசம்பரில் மூடுவதாக இருந்தார்கள். வீடுகளில் அவசர உதவிப் பொத்தானை நம்பி வாழும் முதியவர்களின் பாதுகாப்பு பற்றிக் கேள்வி எழுந்த பிறகு அதை 2027 ஜனவரி 31 என்று தள்ளிவைத்தார்கள். நிற்கப்போவது பழைய தொலைபேசி வலையமைப்புத்தான், வாசலுக்கு வரும் செப்புக் கம்பியே அன்று கழன்று விழாது. உங்கள் தெருவுக்கு ஃபைபர் (கண்ணாடியிழைக் கம்பி) வரவில்லையென்றாலும் அதே கம்பியில் இணையம் எடுத்து, அதன் மேல் தொலைபேசி வைத்துக்கொள்ளலாம். "ஃபைபர் இல்லை, எங்களுக்கு இது பொருந்தாது" என்று இருப்பவர்கள் கவனிக்கவும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். குரல் தெளிவு மிக நன்று. மேசைகளுக்கு யீலிங்க் டி31பி கருவிகள் வந்தன. சின்னத் திரை, பெரிய பொத்தான், கீழே விழுந்தாலும் தாங்குகிறது. வலைக் கம்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அப்படி மின்சாரம் தரும் சுவிட்ச் (வலைக் கம்பிகளை ஒன்றிணைக்கும் பெட்டி) உங்களிடம் இல்லையென்றால் மின் அடாப்டருக்குத் தனியாகக் காசு. கணினியை இந்தக் கருவியின் வழியாக இணைத்தால் வேகம் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எங்கள் கணக்கு வேலைக்கு அது போதும்.

மீன் வெட்டும் இடத்தில் மட்டும் புதுக் கருவி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே ஈரக் கையோடு எடுக்கிறார்கள், செதில் ஒட்டுகிறது, மின் கத்தியின் சத்தத்தில் மெல்லிய மணி கேட்காது. சுவரில் மாட்டியிருந்த பழைய போன், பக்கத்துக் கடைக்கே கேட்கும் மணியோடு, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 என்ற, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்றை இடையில் வைத்தோம். ஒரு பக்கம் இணையக் கம்பி, மறுபக்கம் பழைய போன், அவ்வளவுதான். இந்த மாற்றத்தில் காசுக்கு மிகப் பெறுமதியான பொருள் இதுவே.

நிறுவனத்தார் பெருமையாகக் காட்டியது "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" வசதியை. வைத்துப் பார்த்தோம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை காலையில் அழைப்பவர்கள் பெரும்பாலும் வயதான அம்மாக்கள். "பிள்ளை, அறக்குளா வந்துவிட்டதா? விளைமீன் என்ன விலை?" என்று கேட்பதற்காக எடுப்பவர்கள், எடுத்ததும் இயந்திரக் குரல் கேட்டால் வைத்துவிடுகிறார்கள். பிறகு நேரில் வந்து, "உங்கள் போன் வேறு எங்கோ போகிறது" என்று என்னோடு சண்டை. அந்த வசதியை நிறுத்திவிட்டு, கடையிலுள்ள எல்லாத் தொலைபேசியும் ஒரே நேரத்தில் அடிக்கும்படி மாற்றினேன். இருபது விநாடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் அண்ணாவின் கைத்தொலைபேசிக்குப் போகும். முன்பு ஒரே இணைப்பு. ஒருவர் பேசினால் மற்றவருக்கு ஓயாமல் பிசி. இப்போது ஒரே நேரத்தில் மூன்று பேர் தனித்தனி அழைப்புகளில் பேசலாம். தைப்பொங்கல் நேரத்தில் இதன் அருமை தெரிந்தது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். விற்க வந்தவர் எத்தனை பேர் பேசுவீர்கள், எத்தனை மேசை, செயலி வேண்டுமா என்று கேட்டார். "இந்தக் கம்பியில் தொலைபேசியைத் தவிர வேறு என்ன தொங்குகிறது?" என்று கேட்கவேயில்லை. ஒரு வியாபாரத்தை இதற்கு ஆயத்தப்படுத்துவதில் பாதி வேலை அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

நானே பார்த்தேன். சுவரிலுள்ள பிரதான சொக்கெட்டிலிருந்து கிளம்பும் வயர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தேன். ஒன்று மேல்மாடி அலுவலகத்துக்கு. ஒன்று திருட்டு அலாரப் பெட்டிக்கு. மூன்றாவது கூரை ஓரமாக ஓடி, நிலவறைக்கு இறங்கி, குளிரறையின் பின்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு வெள்ளைப் பெட்டியில் முடிந்தது. முன்னைய உரிமையாளர் பொருத்தியது. உள்ளே வெப்பம் ஏறினால் பதிவுசெய்த எண்ணுக்குத் தானாகவே அழைக்கும் கருவி. அதில் பதிந்திருந்த எண் யாருடையது என்று கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எத்தனை ஆயிரம் பவுண்டு மீனும் இறாலும் அதன் காவலில் இருந்தன என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

நிறுவனத்தாரிடம் சொன்னபோது, அதற்கும் மீன் பகுதியில் வைத்ததுபோல் ஒரு பெட்டி போட்டுவிடலாம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய இணைப்பு தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரத்தைக் கொண்டுவரும். கடை இருண்டாலும் கம்பியுள்ள போன் வேலை செய்யும். இணையத் தொலைபேசிக்கு ரவுட்டர் வேண்டும், ரவுட்டருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போய்க் குளிரறை நிற்கும் அதே நொடியில் அபாயம் சொல்ல வேண்டிய தொலைபேசியும் சேர்ந்து நின்றுவிட்டால் அந்தப் பெட்டி இருந்து என்ன பயன்? சிம் அட்டையும் தன் மின்கலமும் உள்ள கருவியாக மாற்றினோம். திருட்டு அலாரத்துக்கும் அதே வழிதான். தொனிகளால் பேசும் பழைய அலாரங்கள் இணைய இணைப்பில் ஒழுங்காகப் போய்ச் சேரும் என்று நம்பக் கூடாது. அலாரத்தை மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துப் பதிலையும் வாங்கி வைத்திருக்கிறேன். வயரைச் சோதிப்பதற்காகக் கழற்றும் முன் அலாரக் கம்பனிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். லிஃப்ட் உள்ள கட்டடமென்றால் அதனுள்ளே இருக்கும் அவசரத் தொலைபேசியையும் பாருங்கள். கார்ட் இயந்திரம் எங்களுக்கு ஏற்கெனவே வைஃபையில், பிரச்சினை இல்லை.

அடுத்தது எண். 020இல் தொடங்கும் எங்கள் எண் பைகளில் இருக்கிறது, கடை வான் வண்டியில் இருக்கிறது, வருடாவருடம் கொடுக்கும் நாட்காட்டியில் இருக்கிறது, கோயில் விழா மலர் இதழ்களின் விளம்பரத்தில் இருக்கிறது. அதை இழப்பது கடைப் பெயரை இழப்பதற்குச் சமம். புது நிறுவனம் எண்ணைத் தன் பக்கம் எடுத்து முடிக்கும்வரை பழைய இணைப்பை நீங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் எண்ணும் போய்விடலாம். எண் மாறும்போது பழைய இணைப்பும், அதில் ஏறிவரும் பிராட்பேண்டும் சேர்ந்தே நின்றுவிடும் என்பது இதைவிடப் பெரிய பொறி. புதுத் தொலைபேசி ஓட வேண்டிய இணையமே அன்றைக்கு இல்லாமல் போகும். ஆகவே முதலில் தனி இணைய இணைப்பு, அது ஓடத் தொடங்கிய பிறகு எண். எங்கள் விண்ணப்பம் முதலில் திரும்பி வந்தது. பழைய கணக்கில் கடையின் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்ததாம். பழைய பில்லில் உள்ளபடியே பெயர், விலாசம், அஞ்சல் குறியீடு கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன?

குரல் நன்று என்றேன். ஆரம்பத்தில் அப்படி இல்லை. நாங்கள் பேசுவது மறுமுனைக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. ரவுட்டரில், இணைய அழைப்புகளின் தகவலை இடையில் திருத்தும் 'ஸிப் ஏஎல்ஜி' என்றொரு அமைப்பு உண்டு. உதவி செய்வதாக வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் உபத்திரவம்தான் செய்கிறது. அதை அணைத்ததும் சரியாயிற்று. பின்னேரங்களில் குரல் வெட்டி வெட்டி வந்ததற்குக் காரணம் வேறு: கண்காணிப்புக் கமராக்கள் காட்சிகளை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தன. ஓர் அழைப்புக்குப் போகவும் வரவும் சுமார் 100 கிலோபிட் போதும். ஆனால் ஏற்றும் வேகத்தைக் கமராக்கள் விழுங்கினால் அந்தச் சிறிதும் கிடைக்காது. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். தீர்ந்தது.

ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தோம். 999 என்ற அவசர அழைப்புக்கான விலாசத்தை நிறுவனத்தின் தளத்தில் நாமே பதிய வேண்டும். மேல்மாடி அலுவலகத்தின் கதவிலக்கம் வேறு என்பதால் அதைத் தனியாகக் குறிப்பிட்டேன். கைத்தொலைபேசிச் செயலியில் கடை எண்ணை எங்கிருந்தும் எடுத்துப் பேசலாம். ஆனால் அதில் 999 அடித்தால் பதிந்த விலாசம்தான் போகும் என்பதைக் கடைப் பையன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் உதவி சுமார். தொலைபேசி விற்கும் நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடிப்பதுதான் கடினம். எழுத்து அரட்டையில் விரைவாகப் பதில் வருகிறது. கட்டணம் ஓர் இணைப்புக்கு மாதம் 10 பவுண்டுக்குச் சற்று மேல். 36 மாத ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். மறுத்து, மாதாமாதம் கட்டும் திட்டம் கேட்டேன். ஓர் இணைப்புக்கு இரண்டு பவுண்டு கூட. அதைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. 2027இல் எல்லாரும் மாறி முடித்த பிறகு இந்தச் சந்தையில் விலை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நீண்ட ஒப்பந்தம் பற்றிப் பேசுவேன்.