“15 நாளில் குட்டி கடிப்பதை நிறுத்தித் தருகிறோம்” என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். 7,500 ரூபாய் போச்சு.

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் புதிதாக நாய்க்குட்டி வாங்கியிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்துக்கொண்டு, வீட்டுக்கே வந்து நாய்க்குப் பயிற்சி கொடுப்பதாகச் சொல்லும் ஒருவர் என் தம்பியிடம் 7,500 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயர் போடவில்லை. இதே விளம்பரத்தோடு பலர் சுற்றுகிறார்கள், அதனால் அவர்கள் ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும். குட்டி கடித்தால் உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

குட்டி லேப்ரடார், வயது 10 வாரம். கை, கால், அப்பாவின் வேட்டி நுனி, பிள்ளையின் பாவாடை என எது அசைந்தாலும் கவ்வும். இந்த வயதில் இது நோயும் கிடையாது, கெட்ட குணமும் கிடையாது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் 28 பால்பற்கள் முளைக்கும், ஒவ்வொன்றும் ஊசி மாதிரி இருக்கும். நாலு மாதம் வாக்கில் அவை விழத் தொடங்கி, ஆறேழு மாதத்தில் 42 நிலைப்பற்களும் வந்து சேரும். அதுவரை ஈறு உறுத்தும், எதையாவது மென்றாக வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி முதலில் கற்பது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான். அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். எட்டு வாரத்துக்கு முன்பே பிரித்து விற்ற குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றிருக்கும். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. விற்கிறவர்கள் எங்கே கேட்கிறார்கள்!

இந்தக் கணக்குத் தெரிந்த யாரும் 15 நாள் உத்தரவாதம் கொடுக்க மாட்டார்கள். இவர் கொடுத்தார்.

வருவதற்கு முன்பே போனில், “காலையில குட்டிக்குச் சாப்பாடு வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். வித்தையே அதுதான். பசியோடு இருக்கும் குட்டியின் மூக்குக்கு மேலே வேகவைத்த ஈரல் துண்டைப் பிடித்து, கையை மெல்லப் பின்னால் கொண்டுபோனால் தலை மேலே தூக்கும், பின்பக்கம் தானாகத் தரையில் அமரும். எந்தக் குட்டியும் உட்காரும், யார் செய்தாலும் உட்காரும். வீட்டில் எல்லோரும் அசந்துபோனார்கள்.

அடுத்து குட்டி அவர் விரலைக் கவ்வியது. உடனே வாயை இறுக்கிப் பிடித்து, மல்லாத்திப் போட்டு, மார்பில் உள்ளங்கையை அழுத்தி அப்படியே வைத்திருந்தார். முதலில் துள்ளியது, வீறிட்டது, பிறகு அசையாமல் கிடந்தது. “பாருங்கக்கா, அடங்கிடுச்சு. இனிமே நீங்கதான் தலைவர்னு அதுக்குப் புரிஞ்சிடுச்சு.” தம்பியும் அவன் மனைவியும் நம்பியது அந்த நிமிடத்தில்தான். அந்த நிமிடம் பார்த்துத்தான் அவரும் கியூஆர் கோடை நீட்டினார். பயிற்சிக்கு 5,000, ‘கிட்’டுக்கு 1,600, வண்டிச் செலவுக்கு 900. மொத்தம் 7,500 ரூபாய், அத்தனையும் முன்பணம்.

தம்பி மனைவி எடுத்த வீடியோவைப் பார்த்தேன். காது பின்னால் ஒட்டியிருக்கிறது, வால் வயிற்றுக்கடியில் போய்விட்டது, கண்ணில் வெள்ளை தெரிகிறது, மூக்கை நக்கிக்கொண்டே இருக்கிறது. தப்பிக்க வழியே இல்லை என்று தெரிந்ததும் நாய் பயத்தில் விறைத்துப் போவது இப்படித்தான். அதைக் காட்டி, ‘அடங்கிவிட்டது’ என்று விற்றிருக்கிறார். ‘கூட்டத்துக்குத் தலைவன்’ என்ற கதையே, அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்துச் சொன்ன பழைய கருத்து. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், பின்னாளில் தானே அதைத் திருத்திச் சொல்லிவிட்டார். இவர்கள் இன்னும் அதை வைத்துக் காசு பார்க்கிறார்கள்.

மல்லாத்திப் பிடித்த குட்டிக்கு அடுத்த நாளிலிருந்து நீட்டுகிற கை ஒவ்வொன்றும் ஆபத்தாகத் தெரியும். உறுமினால் அடி விழும் என்று பழகிவிட்டால் உறுமுவதை மட்டும் விட்டுவிடும், கடிப்பதை விடாது. உறுமல் என்பது அது நமக்குத் தரும் எச்சரிக்கை. அதையும் பிடுங்கிவிட்டால், முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கிற நாயை நாமே வளர்த்துவிட்டோம் என்று அர்த்தம்.

இனி அந்த 1,600 ரூபாய் கிட். முதல் சாமான், வாயைத் திறக்க முடியாமல் இறுக்கிக் கட்டும் நைலான் வாய்ப்பூட்டு. பகலில் மூன்று மணி நேரம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில், தகரக் கொட்டகைக்கடியில், வாயைக் கட்டிய குட்டி வெப்பத் தாக்கில் செத்தே போகலாம். கால்நடை மருத்துவர்கள் அதை ஊசி போடும் சில நிமிடங்களுக்கு மட்டும் மாட்டுவார்கள். இரண்டாவது, கழுத்தை இறுக்கும் சங்கிலி. 10 வாரக் குட்டியின் மூச்சுக்குழாயை அது நசுக்கிவிடும். மூன்றாவது, ‘கடி நிறுத்தும் ஸ்பிரே’. பாட்டிலில் பெயர் இல்லை, தேதி இல்லை, என்ன கலந்தது என்றும் இல்லை. திறந்தால் வினிகரும் மிளகாயும் நெடியடிக்கிறது. குட்டி கண்ணில் பட்டால் என்ன ஆகும்?

இரண்டாவது வகுப்புக்கு ஆள் வரவேயில்லை. வண்டி ரிப்பேர் என்றார். “அமாவாசை முடியட்டும் சார்” என்றார். அப்புறம் வேறு யாரோ எடுத்து, சார் திருச்சியில் கேம்ப்பில் இருக்கிறார் என்றார்கள். இதற்கிடையில் குட்டி மாறிப்போனது. ஆள் கிட்டே வந்தால் கட்டிலுக்கடியில் பதுங்க ஆரம்பித்தது. தம்பி மகள் தூக்கப்போனதும், ஒரு உறுமல்கூட இல்லாமல் கையைப் பிடித்துவிட்டது. ரத்தம் வந்தது.

வீடியோவும் படமும் அனுப்பினால் வந்த பதில் இது: “உங்க குட்டிக்கு ரத்தத்துலயே கோபம் இருக்கு. அட்வான்ஸ் கோர்ஸ் போடணும், 12,000 ஆகும்.” பணத்தைத் திருப்பிக் கேட்டால் “கிட்டைப் பிரிச்சிட்டீங்களே”. அவருடைய சமூக வலைத்தளப் பக்கத்தில் போய் எழுதினால் கமெண்டை அழித்தார்கள், கடைசியில் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். 7,500 ரூபாய். ஒரே ஒரு வகுப்பு, அதுவும் குட்டியைக் கெடுத்த வகுப்பு.

எனக்கு வயிறு எரிவது இன்னொன்றுக்காக. பிள்ளையின் கையில் ரத்தம் வந்ததாகச் சொன்னபோது அந்த ஆள் போனில் சொன்னது: “மஞ்சள் வைங்க, குட்டிக்கெல்லாம் வெறிநோய் வராது.” வரும்! குட்டிக்கும் வரும். ரேபிஸ் தடுப்பூசியே மூன்று மாதத்தில்தான் போடுவார்கள், 10 வாரக் குட்டி அதைப் போட்டிருக்காது. தோல் கிழிந்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள், ஒன்றையும் விடாதீர்கள். ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் (காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புசக்தி ஊசி) வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியதை விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு.

பல் பட்டதும் கையை வெடுக்கென இழுக்காதீர்கள், ஓடுகிறதைத் துரத்துவதுதான் குட்டியின் இயல்பு. கையை அசைக்காமல் நிறுத்தி, திட்டாமல், பேசாமல், எழுந்து 20, 30 விநாடி தள்ளிப் போங்கள். திரும்பி வந்து கடிக்கத் தகுந்த ஒன்றை வாயில் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும், ஒருவர் மட்டும் கையைக் கடிக்கவிட்டு விளையாடினால் அத்தனையும் வீண். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடங்கள். கடிக்க, ஈரத்துணியை முறுக்கி முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் மட்டை வேண்டாம், நார் குடலில் சிக்கும். வேகவைத்த எலும்பும் வேண்டாம், சில்லு சில்லாக உடையும். பழைய செருப்பைக் கொடுத்தால் புதுச் செருப்பும் போகும். குட்டிக்கு ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் தூக்கம் தேவை. சாயங்காலம் கண்மண் தெரியாமல் ஓடி ஓடிக் கடித்தால் பெரும்பாலும் தூக்கம் போதவில்லை, ஒதுக்குப்புறமாகப் படுக்க வையுங்கள். சின்னப் பிள்ளைகளோடு தனியாக விடாதீர்கள்.

பயிற்சிக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால், “குட்டி தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள்?” என்று முதலில் கேளுங்கள். அழுத்துவேன், அடிப்பேன், கட்டுவேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வகுப்புக்கு வகுப்பு பணம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். பயந்த குட்டியை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நம் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆளே வரவில்லை என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. தம்பியிடம் ரசீது இல்லை, ஆனால் 7,500 ரூபாய்க்கும் யுபிஐ பதிவு இருக்கிறது, வாட்ஸ்அப் குரல்பதிவுகள் இருக்கின்றன. பிளாக் செய்த நம்பரின் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.