கட்டிக்குள் பாக்டீரியா: அழிப்பதா, பயன்படுத்துவதா?

பெருங்குடல் புற்றுக்கட்டிக்குள் குடியேறும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியா, தன் மேற்பரப்பிலுள்ள ஃபேப்2 புரதத்தால் நோயெதிர்ப்புச் செல்களுக்குத் தடைபோடும் டிஜிட் (TIGIT) ஏற்பியைப் பற்றிக்கொண்டு, கட்டியைக் கொல்ல வந்த டி செல்களையும் இயற்கைக் கொல்லி செல்களையும் அடக்கிவிடுகிறது. எனவே அதை அழிப்பதே முதலில் தோன்றும் வழி. 2017-இல் வெளியான ஆய்வொன்றில், இப்பாக்டீரியாவைச் சுமந்த கட்டிகள், எலிகளுக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது மெதுவாகவே வளர்ந்தன. ஆனால் ஆன்டிபயாட்டிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கக்கூடும் என்பதும், அந்த இழப்பு நோயெதிர்ப்புச் சிகிச்சையின் பலனைக் குறைக்கலாம் என்பதும் என்னைத் தயங்க வைக்கின்றன.

பாக்டீரியாவையே கருவியாக்கும் மற்ற வழிக்கு மனிதரிடம் நீண்ட அனுபவம் இருப்பதால் அதன்மீதே எனக்கு நம்பிக்கை அதிகம். சிறுநீர்ப்பையின் தசையைத் தொடாத புற்றுக்கு, காசநோய்த் தடுப்பூசியில் உள்ள, வீரியம் குறைந்த உயிருள்ள பிசிஜி கிருமிகளை வாரம் ஒருமுறையாக 6 வாரங்கள் குழாய் வழியே செலுத்துகிறார்கள். அவை உட்சுவரில் ஒட்டியதும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்களும் டி செல்களும் புற்றைத் தாக்க அங்கே திரள்கின்றன.